தம்பிக்கு வந்த மன்னிப்புக் கடிதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி தடிமனான விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்து சமையல்கட்டு மேசையில் போட்டான். கையெல்லாம் என்ஜின் எண்ணெய். முதல் பக்கத்திலேயே கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"ஊருக்கெல்லாம் நிரப்பறியே, எனக்கும் நிரப்பு" என்றான்.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. நான் அவனுக்குப் பதினான்கு வயது மூத்தவள். கரும்புத் தோட்ட வேலைக்கு எங்கள் முன்னோர் வந்து இறங்கிய இந்தத் தீவில், பா என்கிற டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருசத்துக்கு மேல் டைப் அடித்தவள். வக்கீலுக்கு அடித்ததைவிட ஊருக்கு அடித்ததுதான் அதிகம். ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்ததிலிருந்து எங்கள் ஊர் வரதோலியில் யார் வெளிநாடு போவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் நிரப்பிய பாரம் திரும்பி வராது என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

"என்னடா பாரம்? நீயும் கிளம்பறியா?"

"போறதுக்கு இல்ல. அவங்க மன்னிப்புக் கேக்கறாங்களாம். கேக்கறதுக்கும் ஒரு பாரம் இருக்கு."

அவங்க என்றால் அக்கரை அரசாங்கம். எங்கள் ஜனம் பாதி போய்ச் சேர்ந்த குளிர்நாடுகளில் ஒன்று. பேரைச் சொல்லி அதற்கு மரியாதை செய்ய எனக்கு மனசில்லை, அக்கரை என்றே எழுதுகிறேன். அங்கே அரசாங்க விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளை அடித்தும் பூட்டியும் வதைத்தார்கள் என்று விசாரணையில் தெரிந்து, அந்த நாட்டின் தலைவர் சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எங்கள் ரேடியோவில்கூடச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதமும் நஷ்டஈடும் உண்டு. என் தம்பி அப்படி ஒரு விடுதியில் வளர்ந்தவன்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவனுக்குப் பத்து வயது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருசம். ரோட்டில் துப்பாக்கியோடு சோல்ஜர்கள் நின்று பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அப்பா பயந்துவிட்டார். வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். போன இடத்தில் இரண்டு பேருக்கும் ராத்திரி வேலை. பையன் தனியாகக் கிடந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, கடையில் சாக்லெட் எடுத்தான், பிடித்துவிட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரசாங்கம் அவனை எடுத்துக்கொண்டுபோய் விடுதியில் போட்டது. அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது.

அதை அப்பா கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தார். "தம்பியை கவர்மென்டே எடுத்து வளர்க்கிறது. சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு." நாங்கள் இங்கே என்ன செய்தோம் தெரியுமா? பெருமைப்பட்டோம்! எங்கள் ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் சர்க்கார் எடுத்துப் படிக்க வைக்கும். நான் ஆபீசில் வக்கீலிடம் சொன்னேன், மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவளிடம் சொன்னேன், கோவிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். அந்த லட்டை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

அடுத்த வருசம் அப்பா அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். சாம்பலைப் பா ஆற்றில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரே மகன், அவன்தான் காரியம் செய்ய வேண்டும். விடுதிக்காரர்கள் மூன்று வாரம் லீவு கொடுத்து, இன்ன தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. சாம்பலோடு தனியாக வந்தவன் பேசவேயில்லை. துக்கம் என்று நினைத்தோம். கருமாதி அன்றைக்கு ஆற்றங்கரையில் உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். மயிர் விழ விழ நாவிதர் கை தயங்கியது. மண்டையில் ஒரு தழும்பு, இரண்டு தழும்பு, காதுக்கு மேலே நீளமாக ஒன்று. கடைசியில் எண்ணினேன், ஏழு. சில ஆறி வெளுத்தவை, ஒன்று இன்னும் சிவப்பு. நாவிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம், சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, சமையல்கட்டில் என் பின்னால் வந்து நின்றான். மொட்டைத் தலை, மஞ்சள் வேட்டி.

"அக்கா, என்னை அனுப்பாத. சாவிக்கொத்தால தலையில அடிக்கறாங்க. இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டறாங்க. நான் இங்கயே இருக்கேன். மாட்டுக்குப் புல்லு வெட்டறேன்."

"சும்மா கதை கட்டாத. எங்கயாவது விழுந்து வெச்சிருப்பே" என்றேன். கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னேன்.

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு தழும்பையும் என் கண்ணால் எண்ணியிருந்தேனே! தெரிந்துதான் சொன்னேன். அந்த மாதம், குடியேறுவதற்கு நான் போட்ட என் சொந்தப் பாரம் அக்கரை ஆபீசில் இருந்தது. அம்மா என்னையும் என் புருஷனையும் கூப்பிட்டுக்கொள்வதாக எழுதிக்கொடுத்திருந்தாள். பையனைத் திருப்பி அனுப்பவில்லை என்றால் அம்மா பேர் கெடும், அம்மா பேர் கெட்டால் என் பேப்பர் நின்றுவிடும். ஊருக்கே பாரம் நிரப்புகிறவளுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? குழம்பு கொதிப்பதற்குள் போட்டுவிட்டேன்.

ஏர்போர்ட்டில் அவன் அழவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றரை வருசம் கழித்து எனக்கு அக்கரையிலிருந்து பதில் வந்தது. இடமில்லை என்று.

அதன் பிறகு மறுபடியும் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு. போகிற பிளேனில் இடமே இல்லை, வருகிற பிளேனில் ஆளே இல்லை. அந்தக் காலிப் பிளேனில் என் தம்பி வந்து இறங்கினான். இருபத்துமூன்று வயது. அம்மா அதற்கு முந்தின வருசம் அங்கேயே இறந்துபோயிருந்தாள். அவனுக்குப் பைத்தியமா என்று தெருவே என்னைக் கேட்டது. "ஆமா, எங்க குடும்பத்துல எல்லாருக்குமே கொஞ்சம் உண்டு" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து கராஜ் வைத்தான். கரும்பு லாரிக்காரர்கள் எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். அவன் அறைக்குக் கதவு வைக்க விடமாட்டான், திரைதான். நாவிதரிடம் போகமாட்டான், தலைமயிரைத் தானே வெட்டிக்கொள்வான், கோழி கொத்தின மாதிரி இருக்கும். வெளியில் எல்லாரோடும் நாங்கள் இந்திதான் பேசுவோம். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தால் தமிழ், அம்மா பழக்கிய பழக்கம். விடுதியில் அவனோடு தமிழ் பேச யார் இருந்தார்கள்? பன்னிரண்டு வயதில் எங்கே நின்றதோ அங்கேயேதான் அவன் தமிழ் இன்றைக்கும் நிற்கிறது. நரைத்த மீசையோடு குழந்தை மாதிரிப் பேசுவான். கேட்கும்போதெல்லாம் என் மனசு உருகும். இருபத்துநாலு வருசம் ஒரே வாசலில் புழங்கினோம், ஒரு நாள்கூட அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பாரத்தை நிரப்ப மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் கேட்பேன், அவன் சொல்வான், நான் எழுதுவேன். எந்த விடுதி, எந்த ஆள், என்ன செய்தார்கள். சில இடத்தில் எழுந்து கராஜுக்குப் போய்விடுவான், ஸ்பேனர் சத்தம் கேட்கும், பிறகு வந்து உட்காருவான். நான் அழாமல் எழுதினேன். ஆபீசில் கற்ற ஒரே நல்ல பழக்கம் அது.

மூன்றாவது ஞாயிறு ஒரு கேள்வி வந்தது. அந்தச் சமயத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? சொன்னால், அவர்கள் என்ன செய்தார்கள்?

"யார்கிட்டயும் சொல்லலன்னு போடு" என்றான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

இப்படியும் ஒரு பிள்ளையா? அவனைக் காட்டிக்கொடுத்தவளை அவன் காப்பாற்றுகிறான். நான் எழுதினேன். "என் மூத்த சகோதரியிடம் சொன்னேன். அவள் என்னைத் திருப்பி அனுப்பினாள்." எழுதிவிட்டு அவன் பக்கம் தள்ளினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தான்.

"ஒன்னை எதுக்கு இதுல இழுக்கறே?"

"நடந்தது அதுதானேடா."

"அடிச்சுடு அதை."

"அடிக்கமாட்டேன். நான் நிரப்பற பாரத்துல பொய் இருக்காது."

இந்தத் திமிர்ப் பேச்சு எதற்கு? அவன் காலில் விழுந்து கதறியிருக்க வேண்டிய நேரம் அது. உனக்குத் தெரியுமா தம்பி, நீ சொன்னதை நான் அப்போதே நம்பினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நம்பியும் அனுப்பினேன் என்று தெரிந்தால் இவன் என் முகத்தில் முழிப்பானா? சொல்லாமல் விழுங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்த அன்றைக்குச் சின்னவர்கள் தட்டில் மீன் துண்டு ஒன்று அதிகமாக விழும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான். இருபத்துநாலு வருசமாக அவன் தட்டில் மீன் போட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து அக்கரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் எழுதினது உண்மைதானா என்று கேட்டாள். உண்மைதான் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. கெட்டித் தாள், மேலே முத்திரை. கூடவே நஷ்டஈட்டுத் தாள் ஒன்று, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கடிதத்தை என்னிடம் நீட்டினான்.

"இங்கிலீஷ்ல வேண்டாம். நம்ம பேச்சுல சொல்லு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகச் சொன்னேன். உங்களுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. நீங்கள் குழந்தை. உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அடுத்த வரி. "பதின்மூன்று வயதில் தைரியமாக உங்கள் குடும்பத்தாரிடம் சொன்னீர்கள். ஆனால் உங்களை யாருமே நம்பவில்லை. அந்த வேதனையோடு வாழ நேர்ந்ததற்கு வருந்துகிறோம்."

தம்பி தலையை ஆட்டினான். ரொம்ப மெதுவாக, ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி. முப்பத்துநாலு வருசம் அவன் நெஞ்சில் கிடந்ததை யாரோ முகம் தெரியாதவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்று ஆட்டினான். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

"இது தப்புடா" என்றேன்.

"என்னா தப்பு?"

"நான் நம்பினேன். அன்னிக்கே நம்பினேன். ஆத்தங்கரையில ஒன் தலையைப் பாத்தேன், ஏழு தழும்பு எண்ணினேன். தெரிஞ்சுதான் கதை கட்டாதன்னு சொன்னேன். என் பேப்பர் நின்னுடும்னு ஒன்னை அனுப்பினேன். நான் பாவி. மன்னிச்சுக்க தம்பி."

அவன் எழுந்தான். கத்துவான் என்று பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். என் முன்னால் வந்து நின்றான்.

"அப்பவே நம்பினியா?"

"ஆமா."

"பொய் சொல்றேன்னு நெனக்கல?"

"ஒரு நிமிசம்கூட நெனக்கல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், வாய்விட்டு அழுதான். அப்பாவின் சாம்பலை ஆற்றில் கரைத்தபோதும் அழாதவன். "நீயே நம்பலயேன்னு இருந்தேன் அக்கா. நீயே நம்பலன்னா, நெஜமாவே நான் பொய் சொல்றேனோன்னு எனக்கே தோணும்." நான் அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். முடிக்குள்ளே என் விரலில் தழும்புகள் தட்டுப்பட்டன. முதல் தடவையாக அவன் தலையைத் தொட விட்டான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து என் கையில் வைத்தான்.

"அவங்களுக்கு எழுது. லெட்டர்ல தப்பாப் போட்டிருக்கீங்க, எங்க அக்கா நம்பினாங்கன்னு எழுது."

"நம்பியும் அனுப்பினாங்கன்னும் எழுதுவேன்."

"அது வேணாம்."

"வேணும்டா."

என்னை முறைத்தான். "சரி, ரெண்டும் எழுது. நம்பினதை மொதல்ல எழுது" என்றான். எழுதினேன். விரல் வைத்து இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான், பக்கத்தில் இடம் விட்டு என்னையும் போடச் சொன்னான்.