பெரில் உட்கார்ந்து பார்த்த கார்கள்

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஹாலம் காரைச் செய்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அதை வாங்கி ஓட்டுகிறவர்கள் ஊருக்கே நாலைந்து பேர் இருந்தால் அதிகம். பெரில் டிரான்டர் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவள். தொழிற்சாலையில் டீ வண்டி தள்ளியவள். ஆனாலும் ஹாலம் என்பது ஒரு காராக ஆவதற்கு முன்பே அதன் பின்சீட்டில் உட்கார்ந்தவள் அவள்தான். அப்படி மூன்று தலைமுறைக் கார்களில் உட்கார்ந்திருக்கிறாள்.

புதிய ஹாலம் ஒன்றை யோசிக்க ஆரம்பித்தால் முதலில் அதை முழு அளவில் மரத்தில் கட்டுவார்கள். கூரை, கதவு, சீட்டு எல்லாம் இருக்கும். சக்கரமும் எஞ்சினும் இருக்காது. கூண்டு என்றுதான் அதற்குப் பெயர். கூண்டு இருக்கும் கொட்டகைக்குள் வெளியாள் யாரும் நுழைய முடியாது. முதலாளியின் மனைவிக்கே அனுமதி கிடையாது. ஆனால் காலை பத்து மணி டீயை எந்த ரகசியத்தாலும் நிறுத்த முடியவில்லை. அதனால் பெரில் போவாள், வருவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் வண்டியோடு உள்ளே போனபோது, டெரிக் ஓக்லி என்ற இளம் வரைபடக்காரர் பூப்போட்ட தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு கூண்டின் பின்கதவு வழியாகக் குனிந்து இறங்கிக்கொண்டிருந்தார். தொப்பி அவருடைய அம்மாவுடையது.

“என்ன மிஸ்டர் ஓக்லி, மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?” என்றாள் பெரில்.

“சிரிக்காதே. தொப்பி வச்ச பொம்பளை இதுல ஏறி இறங்க முடியுமான்னு பாக்கணும். வேற யார் இருக்கா இங்க? நீயே வந்து உட்காரு.”

பெரில் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலி உயரத்தில் சீட்டு. கால் நீட்ட இடம். முன்சீட்டின் முதுகில் மடக்கி விரிக்கிற வால்நட் மரப் பலகை. அதில் ஒரு கப் டீயை வைத்துப் பார்த்தாள்.

“எங்க வீட்டு முன்னறையைவிட நல்லா இருக்கு. ஆனா இறங்கறப்போ தொப்பியைத் தட்டி விட்டுடுது. மகளுக்குக் கல்யாணம்னு சர்ச்சு வாசல்ல இறங்குறவ தொப்பியைப் பொறுக்கிக்கிட்டா நிப்பா?”

கதவின் மேல்விளிம்பை உயர்த்தினார்கள். அந்தக் கார் வெளிவந்தபோது பத்திரிகைகள் எஞ்சினைப் பற்றித்தான் எழுதின. பெரில் கவலைப்படவில்லை. சர்ச்சு வாசலில் ஹாலம் வந்து நின்றால் கூட்டத்தில் நின்று தொப்பியை மட்டும் கவனிப்பாள்.

இரண்டாவது ஹாலம் வருவதற்குள் பெரிலுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பாவாடைகள் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டன. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட வேண்டும் என்று காரின் கூரையை அமுக்கி, உடம்பை அகலமாக்கியிருந்தார்கள். பெரில் உட்கார்ந்தாள், இறங்கினாள், மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டு கொட்டகையில் இருந்த ஆண்களை எல்லாம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

“ஒரு கால் வெளியில, ஒரு கால் உள்ள. இப்படி இறங்கினா வாசல்ல நிக்கிற அத்தனை பேருக்கும் தரிசனம்தான். மேயரம்மா இந்தக் காரைக் கண்ணால பாக்கமாட்டாங்க.”

இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைக்கும்படி கதவின் அடிப்பக்கத்தை அகலமாக்கினார்கள்.

மூன்றாவது, எண்பதுகளில் வந்தது. பிஸ்கட் டின் மாதிரி மூலை மூலையாக இருந்தது; தொட்ட இடமெல்லாம் பொத்தான். ஓக்லி அதற்குள் தலைமைப் பொறியாளர். பெரில் அதற்குள் அவரை டெரிக் என்று கூப்பிடுகிற அளவுக்கு மூத்தவள். சீட்டை நகர்த்தும் பொத்தானை அழுத்தினாள். சீட்டு முன்னால் போனது, போய்க்கொண்டே இருந்தது.

“டெரிக்! இது என்னை மடிச்சு அலமாரியில வைக்கப் பாக்குது!”

ஒயரைப் பிடுங்கி அவளை மீட்டார்கள். அன்று டீ ஆறிப்போனதற்கு யாரும் முணுமுணுக்கவில்லை.

அறுபது வயதில் ஒரு சுவர்க்கடிகாரமும் கேக்கும் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வருடங்கள் கழித்து, நான்காவது ஹாலத்துக்குக் கூண்டு கட்டியவுடன் ஓக்லி போன் செய்தார். அடுத்த வாரம் வந்து உட்கார வேண்டும்.

போனை வைத்துவிட்டுப் பெரில் சமையலறை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. இடுப்பு தேய்ந்தால் வலி தொடை இடுக்கில்தான் தெரியும். காலுறை மாட்டுவது தினசரிச் சண்டையாகிவிடும். மாடிப்படியைக் குழந்தைபோல ஒவ்வொன்றாக ஏற வேண்டும். மூட்டு மாற்றும் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“உண்மையைச் சொல்லிடேன். வேற ஆளைப் பாத்துக்குவாங்க” என்றார் அவள் புருஷன் ரெஜ்.

“வேற ஆளா? ஆபீஸ்ல அந்த ஜானீன் எப்ப எப்பன்னு நிக்கிறா. இருபத்தாறு வயசு. அவளால தபால் பெட்டிக்குள்ளகூட உட்கார்ந்து எந்திரிக்க முடியும். நான் உட்காராத ஹாலம் இந்த ஊர்ல ஓடக்கூடாது, ரெஜ்.”

“ராணியம்மாவுக்குச் சிம்மாசனம் போயிடுமோன்னு பயம்.”

“ஆமா, பயம்தான். உருளைக்கிழங்கை உரி.”

அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் வகுப்பு உண்டு. வெர்னா என்ற பெண் நடத்தினாள். பார்படோஸில் பிறந்து இந்த ஊரில் நரைத்தவள். ஒருவர் சும்மா முனகினால் பொறுக்கமாட்டாள். காரில் ஏறி இறங்குவது எப்படி என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போடு. காருக்கு முதுகைக் காட்டி நில். முதலில் பிட்டம், பிறகு தலை, கடைசியில் இரண்டு காலும் சேர்ந்து. பை வழுக்கிக் கொடுக்கும். உடம்பு தானே திரும்பும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய். சரியான முறைதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரில் ரெஜ்ஜின் பழைய காரில் ஏறி இறங்கிப் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, “ரெண்டு பேரும் எங்கதான் போறீங்க?” என்று கேட்கும்வரை பழகினாள்.

கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்கள். புதிய ஹாலத்தின் உருவத்தை வரைந்தவர் ஃபென்விக். இளைஞர், கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை. முன்மூக்கிலிருந்து பின்பெட்டிவரை காரின் கூரை ஒரே பென்சில் கோடு. அந்தக் கோட்டை அவர் தன் பிள்ளையைப்போலக் காத்துவந்தார். கோடு இறங்கியதால் சீட்டும் இறங்கியிருந்தது.

பெரில் தன் குளிர்கோட்டுக்குள் மறைத்துவைத்திருந்த பிளாஸ்டிக் பையை யாரும் பார்க்காதபோது சீட்டில் விரித்தாள். பிட்டம், தலை, இரண்டு கால். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் உள்ளே போனாள். அதேபோல வெளியே வந்தாள்.

கைதட்டினார்கள். “பாத்தீங்களா மிஸ்டர் ஓக்லி? உயரம் போதும்னு சொன்னேனே” என்றார் ஃபென்விக்.

பெரில் தலையை நிமிர்த்திக்கொண்டு டீ வண்டியை நோக்கி நடந்தாள். நடக்க நடக்க சரசரவென்று சத்தம். கம்பளிப் பாவாடையில் பிளாஸ்டிக் ஒட்டினால் லேசில் விடாது.

“மிஸஸ் டிரான்டர்,” ஃபென்விக் தயங்கினார், “உங்க பின்னால... ஒரு மளிகைக்கடை விளம்பரம்.”

ஓக்லி வந்து பையை உரித்தெடுத்தார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இடுப்பு போச்சு, டெரிக்” என்றாள் பெரில். “ரொம்ப நாளாச்சு. அந்தச் சின்னப் பொண்ணையே கூப்பிட்டுக்கோ. நான் என் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன்.”

“கோட்டு அங்கயே இருக்கட்டும். இந்தக் காரை வாங்குறவன் எல்லாம் என்ன வயசுக்காரன்னு நினைச்சே? பணம் சேர்த்து முடிக்கறதுக்குள்ள அவனுக்கும் இடுப்பு போயிடும். பையில்லாம ஒரு தடவை உட்காரு.”

பையில்லாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி. பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மூன்று பேர் ஓடிவந்து ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள்.

“அக்குள்ல கை வைக்காதீங்கடா, தோளும் போயிடும்! பின்னாலேர்ந்து தள்ளுங்க! டேய், அங்க இல்ல!”

வெளியே வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஃபென்விக்தான் சிரிக்கவில்லை. சீட்டை ஏற்றினால் தலை இடிக்கும், தலை இடித்தால் கூரையை ஏற்ற வேண்டும், கூரையை ஏற்றினால் கோடு போச்சு. “ஒருத்தரோட இடுப்பை வச்சு ஒரு காரோட அழகை மாத்தறதா?” என்றார். கேள்வி நியாயமானதுதான். அதனால் பல உயரங்களில் சீட்டு செய்து, வாரா வாரம் பெரிலை உட்காரவைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வீட்டு வாசலுக்கே கார் வந்து கூட்டிப்போனது. ஜானீன் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பெரிலுக்கு வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை வலியால் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ வராமல் போய்விட்டதால் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை வந்து சேர முடியுமா?

ஓக்லியிடம் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. “கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா பெரில்? நீ போயிட்டா ஃபென்விக் அந்தக் கூரைக் கோட்டையே முடிவாக்கிடுவான். உன் இடுப்புதானே எங்க அளவுகோல்.”

பெரிலுக்கும் அது தெரியும். அறுவை முடிந்தால் வாரக்கணக்கில் தாழ்ந்த சீட்டுப் பக்கமே போகக்கூடாது. அதற்குள் கூரை முடிவாகிவிடும், அவள் இல்லாமல். முடிவாகாவிட்டாலும் புது இடுப்போடு போய் என்ன பிரயோசனம்? ஒரு கப் டீ குடிக்கும் நேரம் யோசித்தாள். பிறகு கப்பைக் கழுவ எழுந்தாள். எழுந்த வேகத்தில் வாய்விட்டுக் கத்தினாள். அத்தோடு யோசனை முடிந்தது.

“என் இடுப்பு உங்க ஸ்டோர்ல இருக்கற சாமான் இல்ல, டெரிக்” என்று போனில் சொன்னாள். “நான் போறேன்.”

அறுவை நன்றாக நடந்தது. மறுநாளே எழுப்பி நிறுத்தினார்கள். நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்தாள். ஓக்லி திராட்சையும் அழுமூஞ்சியுமாகப் பார்க்க வந்தார். ஃபென்விக்கின் கூரைக் கோட்டுக்குக் கம்பெனி ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டதாம்.

“ஒருத்தி இடுப்பு போதாதுன்னுதானே அந்தப் பையன் சொல்றான்?” பெரில் திராட்சையைத் தின்றுகொண்டே கேட்டாள். “கீழ வெர்னா வகுப்புல ஒரு டஜன் இடுப்பு இருக்கு, ஒண்ணுகூட உருப்படி இல்ல. செவ்வாய்க்கிழமை கூண்டைக் கொண்டுவா. பின்பாதி மட்டும் போதும்.”

வெர்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “இது ஆஸ்பத்திரியா, கார்க்கடையா?”

“நீ சமையல்கட்டு நாற்காலியை வச்சுத்தானே கார்ல ஏறச் சொல்லிக்குடுக்கறே கண்ணு? நிஜக் கதவு, நிஜக் கூரை. உனக்குத்தான் லாபம்.”

வெர்னா அவளை முறைத்தாள். “சரி. ஆனா நீ அதுல உட்காரக்கூடாது. உட்கார்ந்தே, நானே அந்த இடுப்பைக் கழட்டிடுவேன்.”

செவ்வாயன்று கூண்டின் பின்பாதி துணி போர்த்தி வகுப்புக்கு வந்தது. கூடவே ஃபென்விக்கும் வந்தார். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று நோயாளிகளிடம் சத்தியம் வாங்கினார்.

“நான் ஆயுசுக்கும் பஸ் ஓட்டினவன் தம்பி,” என்றார் சிரில் போட்டன் என்ற பெரிய உருவம், “இந்த ஊர்ல யாரு யாரோட எங்க இறங்கினான்னு எனக்குத் தெரியும். இதுவரைக்கும் சொன்னேனா?”

பெரில் நடைச்சட்டத்தோடு கதவருகே நின்று ஒவ்வொருவராக அனுப்பினாள். உட்கார அவளுக்கும் ஆசைதான். மூன்று முறை அவள் கை சீட்டைத் தடவியது. மூன்று முறையும் வெர்னா தொண்டையைச் செருமினாள். ஒருத்தி சீட்டு தாழ்வு என்றாள். இன்னொருத்தி தாழ்வு இல்லை, வழுக்கல் என்றாள். சிரில் ஏறி உட்கார்ந்தார், மரம் கிரீச்சிட்டது. அவ்வளவுதான், உள்ளேயே தங்கிவிட்டார்.

“பையில்லாமத்தான், சிரில். எந்திரிங்க” என்றாள் பெரில்.

“எந்திரிக்கறதா? எனக்கு மத்தியானச் சாப்பாட்டை இங்கயே குடுத்துடுங்கம்மா.”

பக்கத்தில் நின்றவர் ஃபென்விக்தான். வெர்னா அவருக்கு எங்கே பிடிப்பது, எப்படிக் காலை ஊன்றுவது என்று காட்டினாள். அவர் குனிந்து, தூக்கி, சிரிலை வெளியே கொண்டுவந்து நிமிர்ந்தபோது தன் கூரையில் தன் தலையை இடித்துக்கொண்டார். வகுப்பே ‘ஐயோ’ என்றது. அவர் உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டு கூரையையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மரத்தின் மேல் பழைய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இன்னொரு கோடு போட்டார். பின்னுக்குத் தள்ளி நின்று பார்த்தார். “மோசமில்ல” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஓக்லி சீட்டுக்கு அடியில் ஆப்பு ஒன்றைச் செருகினார். சிரில் மறுபடி உட்கார்ந்தார். முனகிக்கொண்டே, ஆனால் யாரும் தொடாமல், எழுந்து நின்றார்.

“இதைப் பொட்டலம் கட்டிக் குடுங்க, எடுத்துக்கறேன்.”

சாப்பாட்டு வண்டி வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கூண்டை எடுக்காவிட்டால் ஒருவருக்கும் சூப் இல்லை என்றாள் வெர்னா. ஓக்லியும் ஃபென்விக்கும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

“டெரிக், வியாழக்கிழமையும் எடுத்துக்கிட்டு வந்துடு” என்றாள் பெரில்.

“எதுக்கு? முடிஞ்சுதே.”

“யார் சொன்னா முடிஞ்சுதுன்னு? அன்னைக்குத்தான் முழங்கால்காரங்க வர்றாங்க.”