காரைக் கட்டிய வடம்

யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் கார் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் உடையார்பாளையம் போய்த் திரும்பக்கூடக் காணாது என்று டிரைவர் சொல்வார். அதனால் மேலே ஒரு பழைய படுதாவைப் போர்த்தி, உழவு மாடுகளுக்கும் ஒரு சினைப்பசுவுக்கும் நடுவில் அதை நிறுத்தியிருந்தார்கள். மாடுகள் அதற்கு எந்த மரியாதையும் கொடுக்கவில்லை. பசு அதன் மட்கார்டில்தான் கழுத்தைத் தேய்த்துக்கொள்ளும்.

உடையார்பாளையத்திலிருந்து ஆண்டிமடம் போகிற வழியில் இருந்தது எங்கள் ஊர். ஊருக்கே அது ஒன்றுதான் கார். அப்பா தன் ஜம்பத்துக்காக அதை வாங்கினார் என்று பங்காளிகள் பேசினார்கள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது; ஏறி உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அம்மாவுக்கு மாட்டுவண்டியின் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் வந்துவிடும். அதற்காக வாங்கிய கார் அது.

அந்தக் காரில்தான் அம்மா போனாள். அரியலூர் வரைக்கும் கார், அங்கிருந்து ரயில், பட்டணத்துக்குப் பக்கத்தில் காச நோய்க்காரர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரி. புறப்பட்ட அன்று என்னை அவள் கிட்டே விடவில்லை. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே சொன்னாள்:

"அழுவாத. இதே கார்ல வந்து எறங்குவேன், பாரு."

நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். அம்மா திரும்பி வர மருந்து வேண்டும், முட்டை வேண்டும், நல்ல காற்று வேண்டும் என்று பெரியவர்கள் ஏதேதோ பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து கார் ஒன்று இருந்தால் போதும்.

அம்மாவின் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு தெருப்பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்புவதில்லை. பள்ளிக்கூடத்திலும் என் பலகையில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. அகலமாக உட்கார இடம் கிடைத்ததே என்று முதல் இரண்டு நாள் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்கு வந்து, படுதாவைத் தூக்கிக் காருக்குள் நுழைந்துகொள்வேன். பின் இருக்கையில் வலது பக்கம் அம்மாவுடையது. அதை விட்டுவிட்டு இடது பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் வலது பக்கத்திடம் சொல்வேன். தனிமை என்ற வார்த்தை அந்த வயதில் எனக்குத் தெரியாது. பசி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, சாப்பிட்டாலும் போகவில்லை.

காருக்குள்ளிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் வரிசையாக முளைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கயிறு தொங்கும். எல்லாம் விற்ற மாடுகளின் கயிறுகள். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்ட வேண்டும். அதைக் கட்டி முடித்த பிறகு நம் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மாட்டோடு கயிறும் போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பாள் அத்தை. இரவலுக்கு ஏர் உழப் போகிற மாடு மட்டும் நம் கயிற்றோடு போகும், ஏனென்றால் அது திரும்பி வருகிற மாடு. இதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு போலத் தெரியும். தெரிந்திருந்தும், கார் போன அன்றைக்கு அது எனக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை.

ஒருநாள் காலையில் டிரைவர் படுதாவை எடுத்துவிட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அப்பாவிடம் ஓடினேன்.

"கார் எங்கப்பா போவுது?"

"பட்டணத்துக்கு. அரியலூர்ல ரயில்ல ஏத்தி அனுப்பறோம்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீதியை நானே சேர்த்துக்கொண்டு அத்தையிடம் போய், அம்மாவை அழைத்துவரக் கார் போகிறது என்றேன். முந்தின வாரம்தான் அப்பா பட்டணம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எப்படி இருக்கிறாள் என்று அத்தை கேட்டதற்கு, "இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போயிருந்தார். இப்போது நான் சொன்னதைக் கேட்டதும் அத்தையின் முகமே மாறிவிட்டது. ஈரக் கையோடு கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். அம்மாவுக்குப் பிடிக்குமென்று அன்றைக்கே கொல்லையில் முந்திரிக்கொட்டை சுட்டாள். நானும் கூட உட்கார்ந்து தட்டினேன். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கொப்பளித்துவிட்டது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அரியலூருக்குக் கூட்டிப்போக மாட்டார்களோ என்று பயம்.

டாங்கில் இருந்த கொஞ்சப் பெட்ரோலைப் பட்டணத்தில் இறக்கி ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளவேண்டும் என்றார் டிரைவர். அதனால் மறுநாள் காரை அரியலூர் வரைக்கும் மாடுதான் இழுத்தது. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற தடித்த வடத்தைக் கழற்றி, ஒரு முனையைக் காரின் முன் அச்சிலும் மறுமுனையை நுகத்தடியிலும் கட்டினார் எங்கள் வண்டிக்காரர். மாடு மேய்ப்பதிலிருந்து சந்தைக்குப் போவது வரை எங்கள் வீட்டில் எல்லாம் அவர்தான். அவர் மாடுகளோடு நடந்தார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா பின்னால் வில்வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின் இருக்கையில் என் பக்கத்தில். அம்மாவின் பக்கத்தில் முந்திரி மூட்டை.

வழியெல்லாம் வேடிக்கைதான். மாடு நின்றால் டிரைவர் ஹாரனை அழுத்துவார். மாடு மிரண்டு ஓடும். வண்டிக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே கூட ஓடுவார். உடையார்பாளையத்துக் கடைத்தெருவில் ஒருவர், "என்னா அய்யா, காருக்கும் பருத்திக்கொட்டைதான் வக்கிறீங்களா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நான் அவருக்கும் சேர்த்துச் சிரித்தேன். அம்மா போன நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் சுவர் இல்லாத வெறும் தளமாக ஒரு வேகன் நின்றது. சரிவு மேடையில் காரைத் தள்ளி அதன்மேல் ஏற்றினார்கள். வண்டிக்காரர் சும்மா இருக்கவில்லை. வடத்தைத் தூக்கிக் காரின் கூரைக்கு மேலே வீசி, வைக்கோல் பாரத்தை இறுக்குவது போலக் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். துணிக்கூரை நசுங்கியது. ஷெட்டில் சாமான் ஏற்றிக் கட்டுகிற லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வாயில் வெற்றிலையோடு ஓடிவந்தார்.

"யா அல்லா! என்னாய்யா இது, வைக்கப்பாரமா? ஸ்பிரிங் மேல ஒக்காந்திருக்கற வண்டிய மேல போட்டு இறுக்குனா, அது ஆடற ஆட்டத்துல கயிறு தளந்துபோவும். அச்சுல கட்டுங்க. மேல ஆடுனா ஆடட்டும், சக்கரம் அசையப்படாது."

"அதத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றார் டிரைவர். அவர் அதுவரை வாயே திறக்கவில்லை.

அப்புறம் வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டைகளை அண்டை கொடுத்து வேகனின் பலகையோடு ஆணி அடித்தார்கள். டிரைவர் கை பிரேக்கை இழுத்துவிட்டார். பாய் வடத்தை அச்சில் சுற்றி, வேகனின் ஓரத்திலிருந்த இரும்பு வளையங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கட்டினார். நடுவில் ஒரு கழியைச் செருகி முறுக்கியதும் வடம் விண்ணென்று நின்றது. நான் வேகனில் ஏறி ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தேன்.

"மழை பெஞ்சா என்னா பண்றது?" என்று பாயிடம் கேட்டேன்.

"பெய்யட்டும் தாயி. காஞ்ச கயிறா கட்டியிருக்கோம். நனைஞ்சா இன்னும் இறுகும்."

"வெள்ளாத்துப் பாலத்துல ரயில் ஆடுமே?"

"ரயில்வே இன்ஸ்பெக்டர் கெட்டாரு போங்க" என்று அவர் சிரித்தார். "கார் மேல அம்புட்டு ஆசையா?"

"எங்க அம்மா இதுலதான் வருவாங்க."

பாய் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தண்டவாளம் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கட்டின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வடம் வருஷக்கணக்காகச் சால் நிறையத் தண்ணீரை இழுத்த வடம். அதற்கு ஒரு கார் எந்த மூலைக்கு? அப்போதுதான் வண்டிக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"அய்யா... வடம் நம்ம வூட்டுது."

அப்பா வடத்தைப் பார்த்தார்.

"கடைத்தெருவுல புதுக்கயிறு கெடைக்குமுங்க. நீங்க சொன்னா போயி வாங்கியாந்துடறேன்."

அப்பா மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு, "வாங்கிட்டு வா" என்றார்.

புதுக்கயிறு வந்தது. வடத்தில் பாதிப் பருமன்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு அவிழ்க்க விடமாட்டேன் என்று கத்தினேன். வேறு கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள்.

"வடம் கெணத்துக்கு வேணும்ல, கண்ணு" என்றார் அப்பா.

"கெணத்துக்குப் புதுசு போட்டுக்கலாம். அம்மா காருக்கு இதுதான் வேணும்."

அவர் வேகனில் ஏறி என்னைத் தூக்கிக்கொண்டார். அம்மாவுக்கு நோய் வந்ததிலிருந்து அவர் என்னைத் தூக்கியதில்லை. நான் அதற்கெல்லாம் பெரியவளாகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய முள்தாடி என் கன்னத்தில் குத்தியது.  வேகனை விட்டு இறங்கிய பிறகும் அவர் என்னைக் கீழே விடவில்லை.

வண்டிக்காரர் முதலில் புதுக்கயிற்றைக் கட்டினார். பாய் அதை இரட்டையாக மடித்து, கழி கொடுத்து முறுக்கி, உலுக்கிப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான் வண்டிக்காரர் எங்கள் வடத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவிழ்த்து முடித்ததும் காரின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு நொடிகூடக் கார் கட்டில்லாமல் நிற்கவில்லை என்பதைக் கவனித்து நான் சமாதானமானேன்.

டிரைவரும் காரோடு பட்டணம் போவதாக ஏற்பாடு. முந்திரி மூட்டையைக் காருக்குள்ளிருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "நானே அம்மா கையில கொண்டுபோயிக் குடுத்துடறேன் பாப்பா" என்றார். கொடுத்திருப்பார், நல்ல மனிதர். ஆனால் அவர் பட்டணத்திலேயே வேறு வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தை பிறப்பதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். அதில் ஒரு பருப்பையாவது அம்மா தின்றாளா என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அரியலூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் வண்டிக்காரர் ஓட்ட, வில்வண்டியில் திரும்பினோம். காரை இழுத்து வந்த மாடுகள் வண்டிக்குப் பின்னால் வெறுமனே நடந்தன. வடத்தைச் சுருட்டி வண்டிக்குள் போட்டிருந்தார்கள். அதன்மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, அம்மா வந்து இறங்கும்போது காரின் எந்தப் பக்கத்துக் கதவை நான் திறப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பா வழி நெடுகத் தூங்கவில்லை.

வீட்டு வாசலில் அத்தை காத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லபடியா ஏத்திவிட்டாச்சா?" என்று வண்டிக்காரரிடம் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அத்தை வடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு காலில் ஊற்றிக்கொண்டேயிருந்தார்.

அத்தை கொட்டகைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வண்டிக்காரர் வடத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகாமல், சுவரில் காலியாக இருந்த ஒரு முளையில், விற்ற மாடுகளின் கயிறுகளுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு, கார் நின்றிருந்த வெறும் இடத்தில் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்க அத்தை. கயிறு சின்னதுதான், ஆனா ரெட்டையா கட்டியிருக்கு. கழி குடுத்து முறுக்கியிருக்கு. மழை பெஞ்சா இன்னும் இறுகுமாம். பாய் சொன்னாரு."

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். கார் விழாமல் பத்திரமாகப் போய்ச் சேரும் என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.