எக்ஸ்பிரஸின் மூன்றாம் நாள்

மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் அப்பாவுக்கு மூலநோய் ஆபரேஷன் முடிந்து அது மூன்றாம் நாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "போய்ட்டு வா கண்ணு. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார். கார் தெருமுனையில் திரும்பும்வரைதான் அந்தச் சிரிப்பு தாக்குப்பிடித்தது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கட்டிலில் குப்புற விழுந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகத் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆறு மணி நேர ஓட்டத்தில் ஒருமுறைகூட ஓரங்கட்டி இறங்கமாட்டார். "வயித்துல தனியா டேங்க் வச்சிருக்கியாண்ணே?" என்று கண்டக்டர் கேலி செய்வதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லுவார்.

மனைவி நெற்றியைத் தொட்டாள். அனலாகக் கொதித்தது. குளியலறையை எட்டிப் பார்த்தாள். விடியற்காலையில் அவள் கழுவிவிட்ட தரை காய்ந்து கிடந்தது. யாரும் கால் வைத்த சுவடே இல்லை.

"ஏங்க, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

"நேத்து சாயங்காலம். அடக்குறது எனக்கென்ன புதுசா? முட்டும்போது போய்க்கலாம்."

"இன்னும் முட்டலையா?"

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "முட்டுது. வரமாட்டேங்குதுடி."

அவள் உடனே ஆட்டோவுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தானே: காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் வராமல் போவது. மூன்றும் சேர்ந்தால் உடனே ஓடி வர வேண்டும். "டிரைவர்கிட்ட போய் இதைச் சொல்றீங்களே" என்று அன்று அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இப்படி வராதும்மா. கிருமி உள்ளே பரவி ரத்தத்துல கலந்திருக்கு. உடனே திறந்து சுத்தம் பண்ணணும்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர் ஜன்னி கண்டு பிதற்றினார். தன் பாதையின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொன்னார். "பாலம்... மில்லு... வளைவு..." கடைசி ஸ்டாப்பின் பெயர் அவளுக்கும் மனப்பாடம். அது மட்டும் அவர் வாயில் வந்துவிடக் கூடாது என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது வருவதற்குள் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

அதன்பின் பதினோரு நாள் ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

ஒன்பது மாதம் கழித்து, அவர் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள் மதியம், அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"பாலத்துகிட்ட ஓரங்கட்டி இறங்கிப் போயிட்டு வந்தேன். பஸ்ஸே முறைக்குது. கண்டக்டர் கை தட்டுறான்."