கிழக்கு என்று எழுதியிருந்த பக்கம்

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டிலில் இருந்து கதிரைக்கும் கதிரையில் இருந்து கட்டிலுக்கும் மாற்றிவிடுவது என் வேலை. மொன்றியலில் பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நாளுக்கு ஐந்து வீடு. குளிர்காலத்தில் வேலையில் பாதி, சப்பாத்தைக் கழற்றுவதும் திரும்பப் போடுவதும்தான். அந்த மார்கழியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர ஒரு நிமிடம் வேண்டும். பஸ்ஸில் யாராவது சிரித்துப் பேசினால்கூட எரிச்சல் வந்தது.

மூன்றாவது வீடு ஒரு ஜப்பானியத் தம்பதியினுடையது. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அது உறைந்து கிடக்கும் நாட்களில், ஏறி முடிப்பதற்குள் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுவிடுவேன். கணவருக்கு எண்பத்து மூன்று வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது, பேச்சும் போய்விட்டது. மனைவிக்கு எழுபத்தொன்பது, நான் மதாம் என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. கதவைத் திறந்தால் எனக்கென்று ஒரு சோடி வீட்டுச் செருப்பு, கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்திருக்கும். மார்கழி தொடங்கியதும் அதன் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி வந்தது, இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்ற. இடுப்பைப் பற்றி நான் அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அவர்களுடைய குளிர்காலம் முழுக்க ஒரு மேசையடியில் இருந்தது. உயரம் குறைந்த பதிவான மேசை, அதன் கீழே சின்ன ஹீட்டர், நான்கு பக்கமும் நிலம்வரை தொங்கும் தடித்த போர்வை. ஜப்பானில் நிலத்தில் இருந்து அதற்குள் காலை நீட்டுவார்களாம். முழங்கால் மடங்க மறுத்த வயதில், கை கால் நன்றாக இருந்தபோதே, அவர் மேசைக் கால்களுக்குக் கட்டை அடித்து உயர்த்தியிருந்தார். இப்போது கதிரையில் இருந்தபடி காலை உள்ளே விடலாம். மேலே ஒரு தட்டில் எப்போதும் மண்டரின் பழம் இருக்கும். முதல் நாள் பார்த்தபோது இந்த வீடு ஒருநாள் எரியப்போகிறது என்று நினைத்தேன். பிறகு ஒருநாள், பொறுப்புத் தாதி பார்க்கும் குறிப்புக் கொப்பி எழுத அதில் போய் இருந்தேன். எழுதி முடிந்தும் எழும்ப மனம் வரவில்லை. அடுத்த வீட்டுக்கு இருபது நிமிடம் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன்.

பிரச்சினை கட்டிலால் வந்தது. அவருடைய கட்டிலின் தலைமாடு ஜன்னலோடு ஒட்டி இருந்தது. பழைய ஜன்னல், கையை வைத்தால் குளிர்காற்று குத்தும். இரவில் இருமுகிறார் என்று மதாம் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை நான் கட்டிலை இழுத்துத் திருப்பினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். கண்டபடி திருப்பவும் இல்லை. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். வாசலில் உள்ள தெருப் பலகையில் பெயருக்குப் பின்னால் 'எஸ்ட்', கிழக்கு, என்று எழுதியிருக்கிறது. தெரு அந்தக் கிழக்கை நோக்கிப் போகும் பக்கத்துச் சுவருக்குத் தலைமாட்டை வைத்தேன். அவர்கள் அறியாமலே ஒரு நல்லதைச் செய்துவிட்டேன் என்ற பெருமை வேறு. மதாம் கதவடியில் நின்று பார்த்தார். ஒரு கணம் வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இரண்டு தரம் குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்த நாள் போனபோது, கட்டில் விரிப்பு நான் விரித்த மடிப்புக் குலையாமல் கிடந்தது. மனிதர் மேசையடியில், கதிரையிலேயே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றார் மதாம், சிரித்துக்கொண்டு. மறுநாளும் அதே விரிப்பு, அதே சிரிப்பு. ஐந்தாம் நாள் அவருடைய பாதங்கள் வீங்கிக் காலுறை ஏறவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதுகை உடைத்துக் கட்டிலைத் திருப்பியிருக்கிறேன், இந்த மனுசி அவரைப் படுக்கவிடாமல் வைத்திருக்கிறாள் என்று பட்டது. புரோசார்ட்டில் இருக்கும் என் சிநேகிதியும் இதே வேலைதான் செய்கிறாள். அவளிடம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தேன்.

"நீர் என்னத்துக்கு மண்டையைப் போட்டு உடைக்கிறீர்? கொப்பியில எழுதிப்போட்டு வாரும். நாளைக்கு மனுசன் விழுந்தா உம்மைத்தான் கேப்பினம்," என்றாள்.

எழுதினேன். இரவில் மனைவி அவரைக் கட்டிலில் படுக்க வைப்பதில்லை, கால்கள் வீங்கியுள்ளன. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியையும் எழுதிய கை கோபத்தில் இருந்த கை.

இரண்டு நாளில் பொறுப்புத் தாதி தொலைபேசி எடுத்தார். இரவில் பார்க்க மனைவியால் முடியவில்லை என்றால் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றவேண்டியதுதான், ஒரு இடமும் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை வந்து பார்த்து முடிவு செய்வேன் என்றார். மதாமுக்கும் சொல்லியாகிவிட்டது. நான் போனபோது அவர் முக்காலியில் ஏறி நின்று அலுமாரிகளின் மேற்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது வருடத்துக்கு முன் வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைப்பது அவர்கள் வழக்கம். இறங்கச் சொன்னேன். இறங்கிவந்து, அந்த இல்லத்தில் மனைவியும் கூடப் படுக்கலாமா என்று கேட்டார். முடியாது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வருடத்திலேயே பகல் குறைந்த நாள். அன்றைக்கு அவர்கள் பூசணிக்காய் அவித்துச் சாப்பிட்டு, ஒருவகை எலுமிச்சை மிதக்கும் சுடுநீரில் குளிப்பார்கள். குளிர்காலம் முழுக்க நோய் அண்டாதாம். அந்த எலுமிச்சை கிடைக்காததால் மதாம் சாதாரண எலுமிச்சையை வெட்டிப் பேசினில் போட்டிருந்தார். நிலத்தில் முழங்காலில் நின்று, கணவரின் வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்தார். ஒரு விரலையும் விடாமல் தேய்த்தார். நாளைக்கு இவரைக் கூட்டிப்போவதா என்று பார்க்க ஆள் வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பார்க்கிறவர் ஏன் மனிதரைக் கட்டிலில் படுக்க வைக்கவில்லை என்று நேராகக் கேட்டேன்.

மதாம் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு பழைய நகர வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார். மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு. அவர்களுடைய தெருவில் பென்சில் கோடு. கிழக்கு என்று பலகை சொல்லும் அந்தத் தெரு, படத்தில் கொஞ்சம் சாய்ந்து, மேலே, வடக்கே ஏறிப் போனது. இந்த ஊர்க்காரர் ஆறு ஓடும் பக்கத்தைப் பார்த்துத் திசை சொல்கிறவர்கள், சூரியனைப் பார்த்து இல்லை என்றார். குளிர்கால வெயில் காலையில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்டார். ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஜன்னலால்தான் வரும். ஜன்னல் இருக்கும், தெற்கு என்று எல்லோரும் சொல்கிற பக்கத்தில்தான் சூரியன் உதிக்கிறது. பதினான்கு வருடம் காலை பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், ஒருநாளும் யோசிக்கவில்லை. கணவரின் தலை சூரியன் உதிக்கும் பக்கம் இருந்தது. நான் அதை எடுத்து, நான்கு சுவரில் வடக்குக்கு மிகக் கிட்டிய சுவருக்கு வைத்திருக்கிறேன். ஜப்பானில் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது பிணத்தைத்தானாம்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கள் களைத்துப் போயிருந்தீர்கள். திரும்பவும் தூக்குங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை," என்றார் மதாம். "நானே இழுத்துப் பார்த்தேன். முடியவில்லை."

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். என் இடுப்பைப் பார்த்து அவர் வாயை மூடியிருக்கிறார். அவருடைய சிரிப்பைப் பார்த்து நான் கொப்பியைத் திறந்திருக்கிறேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை ஜன்னலடிக்கே தள்ளினோம். நான் டெப்பனருக்கு, தெருமூலைக் கடைக்குப் போய், குளிர்காலத்தில் ஜன்னலை மூடி ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்தேன். அதை ஒட்டி, மதாமின் தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி இறுக்கினோம். காற்று நின்றது. மனிதரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். போர்வையைச் சரிசெய்யும் முன்னரே தூங்கிவிட்டார்.

அங்கேயே நின்று தாதிக்குத் தொலைபேசி எடுத்து, பிழை என்னுடையது, கட்டிலைக் கேட்காமல் திருப்பியது நான் என்று தகவல் விட்டேன். திங்கட்கிழமை அவர் வந்தபோது மனிதர் கட்டிலில் காலை உயர்த்தி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். திசைக்கதை தாதிக்கு விளங்கியதோ தெரியாது. இளவேனிலில் திரும்பப் பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டியதுதான். மதாம் அவித்த பூசணிக்காயை ஒரு டப்பாவில் தந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் அறையில், மத்தியான வெளிச்சத்தில், கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். திறக்காமல் விட்டிருக்கலாம். எங்கள் கட்டிலைப் போட்டதும் நான்தான், தெருப் பலகையில் மேற்கு என்று இருந்ததைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் கிழக்கு என்று. என் கணவர் கடைசி எட்டு மாதமும் அதில்தான் கிடந்தார். அவர் போய் மூன்று குளிர்காலம். அந்தப் பக்கம் எங்கள் தெருவும் படத்தில் மேலே ஏறித்தான் போனது.

கட்டில் திசையால் யாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதேன்.

பிறகு கட்டிலை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மகளைக் கூப்பிட்டால் ஏன் எதற்கு என்று பிரெஞ்சில் கேட்பாள், பதில் சொல்லத் தெம்பில்லை. என் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டேன். அவருடைய தலையணை அந்தச் சுவரோடு கிடந்தது. மூன்று வருடமாக அதற்கும் உறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் எடுத்துவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.