ஒரு சொட்டு போதும்

ஷாம்பூ பாட்டிலை நீங்கள் கையில் எடுத்தால் நுரை அக்கா பிடுங்கிக்கொள்வாள். காசு கொடுத்துத் தலை கழுவ வந்தவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை உங்களுக்கு எட்டாத தட்டில் வைத்த பிறகுதான் மறுபேச்சு. "படு தங்கம். கழுத்தை லூசா விடு. தலை உன்னோடது, கவலை என்னோடது."

கடற்கரை ஊர் ஒன்றில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில், இரண்டே நாற்காலி போட்ட பெண்கள் பார்லர் அவளுடையது. ஆள் குள்ளம். தலை கழுவும் பேசின் எட்டுவதற்காக ஒரு மரப்பலகைமேல் ஏறி நிற்பாள். வாய் ஓயாது. முகங்களைத் தலைகீழாகவே பார்த்துப் பழகிவிட்டதால் கடைத்தெருவில் எதிரே வருகிறவர்களை அடையாளம் தெரியாமல் விழிப்பாள். அவர்கள் கடந்து போன பிறகு பின்னந்தலையைப் பார்த்துவிட்டு, "அடடே, நீயா?" என்று கூப்பிடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சொட்டுகிற குழாயைத் தேடிப்போய் மூடிவிட்டு வருவாள். வீட்டுக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டப்பெயர் புதிது. அதற்கு முன்னால் அந்த ஊரில் நுரை என்பது கடலில் மட்டும்தான் இருந்தது. குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினம். கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடை அடையாகப் படியும். சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தால் திரிந்த பால் மாதிரி ஏதோ மிதக்கும். ஒரு தலையைக் கழுவி முடிக்க உள்ளங்கை நிறைய ஷாம்பூ வேண்டும். முடித்த பிறகும் முடி நார் மாதிரி விறைத்து நிற்கும்.

நாள் முழுக்க அதிலேயே ஊறியதில் அவள் விரல்கள் வெடித்தன. நுனியெல்லாம் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். வெடிப்புக்குள் ஷாம்பூ இறங்கினால் உயிர் போகும். தோல் டாக்டர், "இந்தத் தொழிலையே விட்டுடுங்கம்மா" என்றார். "எனக்குத் தலையைத் தவிர வேற என்ன டாக்டர் தெரியும்?" என்று அங்கே சிரித்துவிட்டு வந்தவள், பார்லரை உள்ளே தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் நகராட்சி, தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் ஒன்றை மேல்நிலைத் தொட்டியடியில் கொண்டுவந்து வைத்தது. சோதனைக்கு மட்டும். ஊருக்குப் பிடித்தால் இருக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த ஊர் காத்திருக்கிறது. சில வாரங்களிலேயே அவள் விரல் வெடிப்புகள் மூடிக்கொண்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. மென்மையான தண்ணீருக்குத் துளி சோப்பே போதும் என்று தெரியாமல் பழைய பழக்கத்தில் எல்லோரும் சோப்பை அள்ளி அள்ளிப் போட்டார்கள். எத்தனை தரம் தண்ணீர் ஊற்றினாலும் உடம்பு வழவழவென்றே இருந்தது. "குளிச்ச மாதிரியே இல்ல" என்று தெருவுக்குத் தெரு முணுமுணுப்பு. அதற்குத் தலைமை தாங்கியவர் வேறு யாருமில்லை, அக்காவின் வீட்டுக்காரர்தான். படகு இன்ஜின் மெக்கானிக். கைக் கிரீசைப் போக்க அரைக் கட்டி சோப்பைக் கரைக்கிற மனிதர். "மீனைப் பிடிச்ச மாதிரி வழுக்குது. என்னத்தையோ கலக்குறானுங்க" என்றார். இன்ஜின் விஷயத்தில் பொய் சொல்லாதவர் என்பதால் தண்ணீர் விஷயத்திலும் ஊர் நம்பியது.

நகராட்சி இன்ஜினியர் வந்து படம் போட்டு விளக்கினார். சொன்னது அத்தனையும் சரி. யார் காதிலும் ஏறவில்லை. வீட்டில் அக்கா விரல்களை நீட்டிக் காட்டினாள். "மருந்துல ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். மெஷின் போனால் தன் தொழிலும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

பேசிப் பயனில்லை என்று ஆன பிறகுதான் பாட்டில்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். முதலில் மாட்டியது ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

"இவ்ளோதானா அக்கா?"

"இவ்ளோதான். பேசாம படு."

நுரை குபுகுபுவென்று எழும்பி டீச்சரின் காதை மூடியது. அலசி முடித்ததும் டீச்சர் முடியைத் தடவிப் பார்த்து, "இன்னும் சோப்பு போகல" என்றாள்.

"அது சோப்பு இல்ல தங்கம். உன் முடியே அப்படித்தான். இத்தனை வருஷமா அதை நீ தொட்டே பாத்ததில்ல."

டீச்சர் வெகுநேரம் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தன் தங்கையைக் கூட்டிவந்தாள். ஆண்கள் பார்லருக்குள் வரமாட்டார்கள் என்பதால் படகுத்துறைக் குழாயடிக்கே அக்கா போய் நின்றுகொண்டாள். மீன் செதில் அப்பிய கைகளில் நகத்தளவு சோப்பை வைத்து, "இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்று மிரட்டினாள். அங்கேதான் யாரோ நுரை அக்கா என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காரர் மானம் போனதாகச் சொல்லி இரண்டு நாள் பேசவில்லை.

முடிவெடுக்கும் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். அன்று காலை, பழுதுபார்த்துவிட்டு வந்த வீட்டுக்காரரின் கைகளைப் பிடித்து அவள் சமையலறைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்சம்போலச் சோப்பு. ஒவ்வொரு விரலாகத் தேய்த்து அலசினாள்.

"இன்னும் வழுக்குது" என்றார்.

"ஏங்க, இதுதாங்க உங்க கை."

அவர் துண்டால் துடைத்துக்கொண்டார்; பெருவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே ஹால் வரைக்கும் நடந்தார்.

"மெஷின் வேண்டாங்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் நகராட்சித் தலைவர். ஹால் முழுக்க மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தது. அவர் கை எழும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் கிடந்த கையை எடுத்து, வெடிப்பு இருந்த விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். கட்டின நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் கையைத் தொட்டதில்லை அந்த மனிதர். பின்வரிசையில் எழும்பியிருந்த சில கைகள் தயங்கி இறங்கின.

"சரி, வேணுங்கிறவங்க?"

அக்கா கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை, அவர் விடவில்லை. பிடித்தபடியே இரண்டு கைகளையும் சேர்த்து அவரே உயர்த்தினார்.