ஹீட்டர் அலுமாரியில் மிளகாய் மணம்

வரதராஜா பொய்யே பேசாதவர் என்று சொல்ல மாட்டேன். "பத்து நிமிசத்தில அங்க நிக்கிறன்" என்று தினமும் நாலு வீட்டுக்காரருக்குக் கதை விடுகிற ஹீட்டர் திருத்துநர் அவர். ஆனால் இது கதை இல்லை. அவரே எனக்குச் சொன்னது. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

போன ஜூலை, நடுக் குளிர்காலம், ஸ்பிரிங்வேல். பிற்பகல் மூன்று மணி. முந்தின வாரம் குடிவந்த சிவகௌரி, நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள்.

"அண்ணா, இரவுக்குள்ள சரிவருமோ? பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது."

"ஓம், செய்து தாறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

அவள் குழந்தையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர், குசினிக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரிக்குள் இருந்தது. காஸை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறியைக் கழற்றினார். அதன் விளிம்பை அடைக்கும் கேஸ்கெட் கருகிக் கிழிந்திருந்தது. அது கிழிந்தால் நச்சுப்புகை வீட்டுக்குள் கசியும். ஹீட்டரே அதை இழுத்து ஒவ்வோர் அறைக்கும் ஊதும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழும்ப மாட்டார். நல்ல காலம், கண்டுபிடித்தோம் என்று நிம்மதிப்பட்டார்.

புது வெள்ளைக் கேஸ்கெட்டை வைத்து, ஸ்குரூக்களை இறுக்கினார்.

அப்போது மூக்கு எரிந்தது. மிளகாய் வறுக்கும் மணம்!

"தங்கச்சி, தூள் வறுக்கிறீங்களோ? யன்னலைத் திறவுங்கோ!"

புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார்.

சர்... சர்... வறுக்கும் தாச்சிச் சட்டியை அகப்பை சுரண்டும் சத்தம்.

குசினியை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அடுப்புக்கு மேலே புகைவிசிறி மட்டும் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

அடுப்பு அணைந்திருந்தது. அதன்மேல் ஒரு தாச்சி. தாச்சிக்குள் ஒரு வெள்ளைக் கேஸ்கெட்.

அவர் இப்போதுதான் பூட்டிய அதே கேஸ்கெட். தொட்டார். விரல் சுட்டது.

முதுகுக்குப் பின்னால் ஹீட்டர் உறுமத் தொடங்கியது. பிளக் தரையில்தான் கிடந்தது.

பீப்... பீப்... சட்டைப் பையிலிருந்த நச்சுப்புகை மீட்டர் அலறியது.

பிள்ளை!

அறைக் கதவுக்கு ஓடினார். கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாய் ஒன்று செருகியிருந்தது. வெளிப்பக்கத்தில் இருந்து.

தள்ளினார். கதவு அசையவில்லை. அதற்குப் பூட்டே கிடையாது.

காதருகே ஒரு பெண்குரல்.

"திறக்காதை... பிள்ளைக்குப் புரைக்கேறும்."

தோளால் இடித்தார். மறுபடி இடித்தார்.

கதவு பிளந்தது.

கண் சொருகிக் கிடந்த சிவகௌரியையும் குழந்தையையும் முற்றத்துக்கு இழுத்து வந்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. குளிர்காற்று பட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவரும் அழுதார். இருவரும் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அருள்நாயகி அன்ரி பிறகுதான் வாயைத் திறந்தார். முன்பு அங்கே இருந்த தாயும் பிள்ளையும் இதே மாதிரித்தான் செத்துப்போனார்களாம். அன்றும் யன்னலெல்லாம் பூட்டு, புகைவிசிறி முழு வேகம், பிள்ளையின் கதவடியில் ஈரத் துவாய். அயலவர் மணத்துக்குக் குறைசொல்லுவார்கள் என்று பயந்து வீட்டை மூடிவிட்டுத் தூள் வறுத்தாள், அடுப்புக்கு மேலிருந்த விசிறி ஹீட்டரின் நச்சுப்புகையை உள்ளே இழுத்துவிட்டது என்று ஊரே அவளைத் திட்டியதாம்.

"அப்ப என்ர காதில பேசினது அவள்தான்..." என்று இழுத்தார் வரதராஜா.

அன்ரி மறுத்துத் தலையாட்டினார்.

"இல்லைத் தம்பி. அண்டைக்குக் காலமைதான் ஒருத்தர் வந்து புதுக் கேஸ்கெட் போட்டுட்டுப் போனவர். முதல் உள்ள போனது நான்தான். அந்தக் கேஸ்கெட் தாச்சிக்குள்ள கிடந்தது. அவளுக்குத் தூள் யாழ்ப்பாணத்தில இருந்து தாய் அனுப்புறவ. அவள் ஒருநாளும் வறுத்ததே இல்லை. அண்டைக்கும் வறுத்தது வேற ஆரோ."