கடைக்குட்டிக்கு வாங்கிய சிம் கார்டு

எனக்கு எழுபது வயது. பெற்று வளர்த்தது ஐந்து. ஆறாவதாக வளர்ப்பது கடைக்குட்டியின் மகளை. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே. கடைக்குட்டி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவு செய்தபோது அவள் பிள்ளைக்கு இரண்டு வயது. கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துவிட்டான். கொழுந்து எடுத்து இந்தப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது என்றாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண் ஒருத்தி அப்படித்தான் போனாள். எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்றே தெரியாமல் அவள் தாய் கோயில் கோயிலாக அலைந்ததைப் பார்த்தவள் நான். போகட்டும், ஆனால் என் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று நாள்தோறும் எனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

லிந்துலை டவுனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கடை. குடை, கைக்கடிகாரம், போன் எல்லாம் வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் சிம் கார்டுகளைப் பரப்பினார்.

"அங்க போயி அங்கத்தக் கார்டு வாங்குறதுதான் லேசு. பேச மலிவு. நம்ம நாட்டுக் கார்டும் அங்க அடிக்கும். ஆனா வாயத் திறந்தா போதும், உள்ள இருக்கிற காசெல்லாம் போயிரும்."

மகள் அங்கே வாங்குவதற்கே தலையாட்டினாள். நான் விடவில்லை.

"நானா, அந்த வீட்டம்மா இவளக் கடைகண்ணிக்கு விடுவாங்களா?"

"விடுறது கஷ்டம்தான் அம்மா."

"அப்ப கார்ட யாரு வாங்குறது? முடிஞ்சா ரீலோட் யாரு போடுறது?"

நானா என்னை ஒரு தரம் பார்த்தார். "அம்மா கேக்குறது சரிதான். நம்ம கார்டுன்னா இங்க இருந்தே நான் போட்டுவிடலாம்."

"அதையே குடுங்க. பேச வேணாம். மணி அடிச்சாப் போதும், நான் எடுக்க மாட்டேன். எடுத்தாத்தானே காசு."

மகள் சிரித்தாள். "கேட்டீங்களா நானா? எங்கம்மா பேசாம இருக்கத்தான் போன் வாங்குறாங்க."

எனக்கும் ஒரு பழைய போன் அங்கேயே வாங்கினோம். காலையில் இரண்டு தரம் மணி அடித்துவிட்டு நிறுத்துவது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுத்துப் பேசுவது என்று எங்களுக்குள் பேச்சு.

லயத்தில் சிக்னல் கிடையாது. பெரட்டுக் களத்துக்குப் போனால்தான் வரும். விடிந்ததும் வேலையாட்கள் அங்கே கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். வந்து நின்றால் போதும், யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பேர் விழுந்தால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படி நின்றவள் நான். வேலையிலிருந்து நின்ற பிறகு, இந்த மணிக்காக மறுபடியும் போய் நின்றேன், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அங்கே வீட்டம்மா எழும்புவதற்கு முன்னால், இங்கே பெரட்டு நேரத்தில், மணி அடிக்கும்.

"என்ன பெரியம்மா, குவைத்துக்காரிக்கும் பேர் போடணுமா?" என்பார் கணக்கப்பிள்ளை.

"போடுங்க ஐயா. அரை நாள் வேலைன்னு அரைப் பேர் போட்டுறாதீங்க, முழுப் பேராப் போடுங்க."

கொழுந்துக்காரிகள் சிரிப்பார்கள். பேத்தி போனைப் பிடுங்க வரும். பச்சைப் பொத்தானை அமுக்கிவிடாதபடி கையை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். மணி ஓய்ந்ததும் லயத்துக்குத் திரும்புவேன். மாதம் பிறந்தால் டவுனுக்கு இறங்கி, நானா கடையில் அவள் கார்டுக்கு ரீலோட் போடுவேன். ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

மூன்றாம் வருடம் அவள் வந்தாள். மெலிந்து, கை தோல் உரிந்துபோய் வந்தாள். பேத்தி என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவங்க யாரு?" என்று என்னைக் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

மறுநாள் தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைக்கும்போதுதான் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும், இன்னிக்கு எடுப்பீங்கன்னு நெனச்சுத்தாம்மா அடிச்சேன்."

"எடுக்க வேணாம்னுதானே பேச்சு?"

"பேச்சு அதுதான்." துணியைப் பிழிந்தாள். "ரெண்டு தரம் அடிச்சு நிப்பாட்டுறதும் பேச்சுதான். நான் அஞ்சு தரம் ஆறு தரம் அடிக்க விட்டேனே. அது தெரியலையா?"

தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. அந்த வீட்டம்மா அசந்து தூங்குகிறாள் போலிருக்கிறது, பிள்ளைக்குப் பயமில்லை என்று களத்தில் நின்று சந்தோஷப்பட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அந்தக் கார்டு ஒரு நாளும் சாகவில்லை. ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும். அப்படியே பழகிவிட்டேன். அவளுக்கு அது போதவில்லை.

அந்த வருடமே மறுபடியும் புறப்பட்டாள். டவுனுக்கு இறங்கியபோது, கடையில் நானா கேட்காமலே அவள் கார்டுக்கு ரீலோட் போடப் போனார்.

"வேணாம் நானா. இந்தத் தரம் வேற வீடு, வெளிய விடுவாங்களாம். அங்கேயே வாங்கிக்கிறேன்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். லயத்துக்கு வந்து பழைய கார்டைக் கழற்றி, சாமிப் படத்தின் அடியில் திருநீற்றுத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினாள். பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடும். டீச்சரிடம் பேசுவதைப்போல "ஓம், சரி" என்று பதில் சொல்லிவிட்டு, "அம்மாயிகிட்ட குடுக்குறேன்" என்று என்னிடம் நீட்டிவிடும். தாய் வந்துபோன பிறகு என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடும். "நல்லா இருக்கீங்களாம்மா" என்பாள். "இருக்கேன்" என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வராது. பிறகு அதுவும் குறைந்தது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் உண்டு. காலையில் மணி கிடையாது. கிடையாது என்று தெரிந்தும் சில நாள் பெரட்டு நேரத்துக்குப் போய் நிற்கிறேன். கணக்கப்பிள்ளை இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை.

திருநீற்றுத் தட்டிலிருந்த கார்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் டவுனுக்குப் போனேன்.

"இது போன்லயே இல்லையே அம்மா. யாருக்குப் போடுறீங்க?" என்றார் நானா.

"இருக்கட்டும் நானா. வராத ஆளுன்னு உடனே பேர வெட்டிறக் கூடாது."

அவர் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை போடுகிறார்.

இவ்வளவுதான் பாப்பா. இந்த ஞாயிறு உன் அம்மா பேசினால், "ஓம், சரி" என்று போனை நீட்டிவிடாமல், இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு தரம் வாசி, கேட்கிறேன். பீலியடிப் பேச்சு வரும் இடத்தில் வேகமாகப் போகாதே.